கமராவின் பூர்வீகம்

(வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தில், படம்பிடிப்புப் பழகும் இளைஞர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிலையத் தலைவர் என்னை அழைத்தபோது, "பாவித்த கமரா எப்படிப் பார்த்து வாங்குறது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, அப்பிடியே ஒரு விலைப்பட்டியலும் கொண்டு வாங்கோ" என்று கேட்டார். விலைப்பட்டியல் கொண்டுவரவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் நின்றது. மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போய்விட்டது. கடைக் கண்ணாடி அலுமாரியில் இருந்த கமரா அதேதான், விலைச்சீட்டு மட்டும் கிழமைக்குக் கிழமை மாறியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொள்ள, பாவித்த சாமானுக்கும் விலை ஏறியது. அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஆனாலும் இன்று நான் சொல்லும் விலையை நம்பி நீங்கள் அடுத்த மாதம் கடைக்குப் போனால் என்னைத்தான் ஏசுவீர்கள். ஆகவே பார்த்து வாங்கும் முறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நான் ஸ்ரூடியோ நடத்தியவன் அல்ல. பௌதிகவியல் படிப்பித்தவன், ஒளியியல் பாடத்தின் வழியாகக் கமராவுக்குள் போனவன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் கமரா பற்றிக் கேட்க வரும் தம்பி தங்கச்சிமார் எல்லோரும் முதலில் கேட்பது மொடல். "சேர், கெனன் 600டி நல்லதோ, நிக்கோன் டி5100 நல்லதோ?" இரண்டும் 2011இல் வந்தவை, இரண்டும் நல்லவை. அந்தக் கேள்விக்கு அதற்கு மேல் பதில் இல்லை. சம்பந்தம் பேசும்போது நாங்கள் எத்தனை பேரிடம் எத்தனை விதமாக விசாரிக்கிறோம்! அந்தக் கெட்டித்தனத்தில் காற்பங்கைக் கமராவில் காட்டினால் போதும். இது யார் கையில் இருந்தது? என்ன வேலை செய்தது? மழைக்காலத்தில் எங்கே கிடந்தது? டிஜிற்றல் கமராவை வருடக் கணக்கு அவ்வளவாகக் கெடுப்பதில்லை. உழைப்பும் ஈரமும்தான் கெடுக்கின்றன. 2010இல் வந்த கமரா ஒன்று நல்ல கையில் இருந்து வந்தால் 2018இல் வந்த கமராவைவிட உங்களுக்கு நெடுநாள் உழைக்கும்.

நம்முடைய யாழ் குடாநாட்டுக்குப் பாவித்த கமரா மூன்று வழியாக வருகிறது. ஒன்று, ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று இருக்கும் உறவினரின் சூட்கேசில். இரண்டு, கலியாண வீடு, சாமத்திய வீடு எடுக்கும் ஸ்ரூடியோக்காரர் புதியது வாங்கிவிட்டுக் கழித்துவிடும் பழையது. மூன்று, இக்மன் இணையத்தளத்திலும் முகநூலிலும் வரும் விளம்பரங்களைப் பார்த்துக் கொழும்பில் இருந்தோ கண்டியில் இருந்தோ எடுப்பிப்பது. மூன்றுக்கும் மூன்று வகை நோய்.

சூட்கேசில் வரும் கமராவை முதலில் எடுக்கிறேன். என் தீர்ப்பையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: தொடக்கக்காரருக்கு மூன்றிலும் இதுதான் நல்லது. மாமா 2012இலோ 2013இலோ ஆசைக்கு ஒரு கமரா வாங்கியிருப்பார். பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கும் ஒரு விடுமுறைக்கும் எடுத்திருப்பார். பிறகு கைபேசி வந்துவிட்டது. குளிர்நாட்டு வீட்டின் காய்ந்த காற்றில், அலுமாரிக்குள், பையோடு அப்படியே பத்து வருடம். ஷட்டர் சில ஆயிரம் தடவைக்கு மேல் அடித்திராது, லென்ஸில் பூஞ்சணமும் பெரும்பாலும் இராது. உலகச் சந்தையிலும் இதே கதைதான். உலகம் முழுவதும் 2010இல் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிற்றல் கமராக்கள் கடைகளுக்குப் போயின. 2023இல் அந்தத் தொகை 80 இலட்சத்தையும் எட்டவில்லை. அந்தப் பெரிய எண்ணிக்கையில் ஒரு பங்கு இன்று புலம்பெயர்ந்தோர் வீட்டு அலுமாரிகளில் தூங்குகிறது.

ஆனால் இந்தக் கமராவுக்கும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. சார்ஜரை மறந்துவிட்டு வருவார்கள். சார்ஜர் வந்தால் அதன் முதுகில் எழுதியிருப்பதை வாசியுங்கள். கமரா பற்றரி சார்ஜர்களில் பெரும்பாலும் 100 தொடக்கம் 240 வோல்ற் என்று இருக்கும், செருகியை மட்டும் மாற்றினால் சரி. கனடாவில் இருந்து ஸ்ரூடியோவுக்கான பெரிய பிளாஷ் விளக்கு யாராவது கொண்டுவந்தால் அது வேறு விஷயம். அங்கே 120 வோல்ற், இங்கே 230. பார்க்காமல் செருகினால் ஒரு சத்தம் கேட்கும், அதோடு சரி. அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. அதனால் கனடாக் கமராவில் மண்டபத்து ரியூப் லைற்றின் கீழ் வீடியோ எடுத்தால் படத்தில் பட்டி பட்டியாக ஓடும். பயப்பட வேண்டாம். கெனன், நிக்கோன் இரண்டிலும் மெனுவுக்குள் போய் என்ரிஎஸ்சி என்பதைப் பிஏஎல் என்று மாற்றி, ஷட்டர் வேகத்தை 50இல் ஒன்றாக வைத்தால் சரியாகிவிடும். ஜப்பானில் வேலை செய்யும் உறவினர் அங்கேயே வாங்கிய சோனி அனுப்புகிறார் என்றால் மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள். ஜப்பான் சந்தைக்கென்று விற்கும் சோனிகளில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும்.

இனி ஸ்ரூடியோக் கமரா. நம்மூரில் ஒரு சாமத்திய வீட்டுக்கு எத்தனை படம் எடுக்கிறார்கள் என்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிள்ளை சேலை மாற்றும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஷட்டர் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நிகழ்வுக்கு 2000 தடவை என்று வையுங்கள். 50 நிகழ்வில் இலட்சம் ஆகிவிடும். நிக்கோன் டி3100 போன்ற தொடக்கநிலைக் கமராக்களின் ஷட்டரை ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவைக்கென்று சோதித்து விடுகிறார்கள். டி7000, கெனன் 5டி மார்க் 2 போன்றவற்றுக்கு ஒன்றரை இலட்சம். அந்த எண்ணிக்கையைத் தாண்டியதும் கமரா நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. தாண்டியதற்குக் கேட்கும் விலையைக் கொடுக்கத் தேவையில்லை என்று அர்த்தம்.

எண்ணிக்கையை எப்படி அறிவது? நிக்கோனில் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் அது எழுதப்பட்டிருக்கும். விற்பவரைப் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்தத் தகவல் அழிந்துவிடும், "டொக்யுமென்ற்" ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். கெனனில் பெரும்பாலான மொடல்களில் கோப்புக்குள் இந்த எண்ணிக்கை இராது. கணினியில் வயரால் இணைத்துப் படிக்கும் மென்பொருள்கள் சில மொடல்களுக்கு உண்டு.

இந்த எண்ணிக்கையே ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. கெனன் 600டி, 60டி, 5டி மார்க் 2 போன்றவற்றை நம்மவர்கள் படத்துக்குப் பாவித்ததைவிட வீடியோவுக்குத்தான் அதிகம் பாவித்தார்கள். வீடியோ ஓடும்போது ஷட்டர் திறந்தே நிற்கும், எண்ணிக்கை ஏறாது. மூன்று மணித்தியாலத் தாலிகட்டு முழுவதும் ஓடிய கமரா, எண்ணிக்கையில் பச்சைப் பிள்ளை மாதிரி நிற்கும். "உது நல்ல சாமான் தம்பி, பத்தாயிரம்தான் அடிச்சிருக்கு" என்று அவர் சொல்வது பொய்யாகவும் இராது. அப்போது வேறு இடங்களைப் பாருங்கள். 600டி, 60டி இரண்டிலும் திரை வெளியே மடியும். அந்தப் பிணைச்சல் தளர்ந்து ஆடுகிறதா? மைக் செருகும் துளையைச் சுற்றித் தேய்ந்திருக்கிறதா? அடியில் முக்காலி பூட்டும் இடத்தில் வட்டம் வட்டமாகக் கீறல் இருக்கிறதா? இருந்தால் அது முக்காலியிலேயே வாழ்ந்த கமரா. லென்ஸை மூடியால் மூடி, முப்பது செக்கன் திறப்பு வைத்து ஒரு படம் எடுத்துத் திரையில் பெருப்பித்துப் பாருங்கள். கறுப்புக்குள் சிவப்பும் நீலமுமாக நிறையப் புள்ளிகள் நின்றால் சென்சர் களைத்திருக்கிறது. இரண்டு மூன்று புள்ளி இருப்பது வழமை.

மூன்றாவது வழியான விளம்பரத்தைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் சாமானைப் படத்தில் பார்த்து, "அட்வான்ஸ் போடுங்கோ, பஸ்ஸில போட்டு விடுறன்" என்ற சொல்லை நம்பிக் காசு போடாதீர்கள். கொழும்பில் உங்கள் ஆள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, காசு கொடுத்து, கையோடு வாங்கிவரட்டும். உடம்பின் அடியில் உள்ள தொடர் இலக்கத்தையும் வாங்கிய பற்றுச்சீட்டில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவு என்றாலும் திரும்பி வரட்டும்.

சரி, பூர்வீகம் கேட்டாயிற்று, கமரா கைக்கு வந்துவிட்டது. இனித்தான் நம்முடைய ஊருக்கென்றே உள்ள சோதனை. குடாநாட்டில் கடலும் பரவைக்கடலும் எங்கும் கிட்டத்தான். வருடத்தின் பெரும்பகுதி காற்றில் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். பூஞ்சணத்துக்கு 65 சதவீதமே போதும். கண்ணாடியின் மேலுள்ள மெல்லிய பூச்சிலும் அதில் ஒட்டிய தூசியிலும் அது வேர்விடும். முதலில் பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். ஒரு தடவை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது.

இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு வேண்டியது ஒரு ரோச் லைற். கைபேசி லைற்றும் போதும். லென்ஸைக் கமராவில் இருந்து கழற்றுங்கள். இரண்டு பக்க மூடியையும் எடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கெனன் லென்ஸ் கழற்றியபடியே உள்ளே முழுவதும் திறந்திருக்கும், நேரே பார்க்கலாம். நிக்கோனில் கழற்றியதும் உள்ளே இருக்கும் கத்திகள் மூடிக்கொண்டு ஊசித்துளை அளவுக்குத்தான் இடம் விடும். அதைப் பார்த்துவிட்டு "உள்ள வடிவாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். பின்பக்க விளிம்பில் சின்ன உலோக நெம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை நகத்தால் ஒரு பக்கம் தள்ளிப் பிடித்தால் கத்திகள் விரியும். இப்போது பின்பக்கத்தில் இருந்து ரோச்சைச் சரிவாகப் பிடித்து முன்பக்கத்தால் பாருங்கள். நேராகப் பிடித்தால் ஒளிதான் கண்ணைக் குத்தும், சரிவாகப் பிடித்தால்தான் குற்றம் தெரியும். தனித்தனியே நிற்கும் சில தூசிகளைக் கணக்கெடுக்க வேண்டாம், அவை படத்தில் தெரியாது. நூல் நூலாக, கிளை விட்டு, ஓரத்தில் இருந்து நடுவுக்கு நகரும் ஒன்றைக் கண்டால் அது பூஞ்சணம். கண்ணாடி முழுவதும் மூச்சு விட்டதுபோல மங்கலாக இருந்தால் அது வேறு குற்றம், அதையும் வாங்கக் கூடாது. ஓரத்தில் ஒரு சிறு கொடி மட்டும் இருந்தால் பாதி விலைக்குக் கேட்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் கேட்க மாட்டேன். திறந்து துப்புரவாக்கக் கொழும்புக்கு அனுப்ப வேண்டி வரும், போக்குவரத்தோடு அந்தச் செலவு லென்ஸின் விலையைத் தொட்டுவிடும்.

அடுத்தது உப்பு. கமராவின் தலையில் பிளாஷ் பூட்டும் தகட்டின் சின்ன ஆணிகளைப் பாருங்கள். துருப்பிடித்திருக்கிறதா? பற்றரி அறைக்குள் ரோச் அடித்துப் பாருங்கள், செப்புத் தகடுகளில் பச்சை படிந்திருக்கிறதா? குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குக் குதிரை பார்க்கப் போய்வந்த கமராக்களில் நான் இதை நிறையக் கண்டிருக்கிறேன். படகின் முன்பக்கத்தில் நின்று எடுத்தால் படம் வடிவாகத்தான் வரும், அலை தெறிப்பதை அப்போது யாரும் பொருட்படுத்துவதில்லை. கசூரினா கடற்கரை மணலுக்கு வேறு அடையாளம். லென்ஸின் சூம் வளையத்தைக் காதருகில் வைத்து மெதுவாகத் திருப்புங்கள், கறகறவென்று சத்தம் கேட்டால் மணல் உள்ளே போய்விட்டது.

சென்சரில் தூசி இருக்கிறதா என்று பார்க்க, துளையை எஃப் 22க்கு ஒடுக்கி, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெருப்பியுங்கள். தூசி என்றால் மங்கிய கறுப்புப் பொட்டாகத் தெரியும், துப்புரவாக்கலாம். கீறல் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. நிக்கோன் டி600 என்ற 2012ஆம் ஆண்டு மொடலைக் குறைந்த விலைக்கு யாராவது தந்தால், ஷட்டர் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். அதன் சென்சரில் எண்ணெய்ப் பொட்டுகள் தெறிக்கும் குறை இருந்தது. 2014இல் நிக்கோன் நிறுவனமே இலவசமாக ஷட்டரை மாற்றிக் கொடுத்தது. 2005இல் வந்த முதலாவது கெனன் 5டியில் கண்ணாடி கழன்று விழும் குறை இருந்தது, அதையும் நிறுவனம் இலவசமாகச் சரிசெய்தது. நல்ல கமராக்கள்தான், ஆனால் கேட்காமல் வாங்க வேண்டாம்.

பற்றரியைப் பற்றி இந்த மண்ணில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. தொண்ணூறுகளின் போர்க்காலத்தில் பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை இங்கே முன்வரிசையில் இருக்கிறது. அந்தத் தலைமுறைக்காரர் எந்தச் சாமானை எடுத்தாலும் "இதுக்குப் பற்றரி கிடைக்குமோ?" என்றுதான் முதலில் கேட்பார். இளையவர்கள் சிரிப்பார்கள். சரியான கேள்வி அதுதான். கெனன் 1100டி, 1200டி, 1300டி மூன்றுக்கும் ஒரே பற்றரி. நிக்கோனில் டி3100 தொடக்கம் டி5600 வரை பெரும்பாலும் ஒரே குடும்பப் பற்றரி. இவை இன்னும் நெடுங்காலம் கிடைக்கும். மேலைநாட்டு இளையோரிடம் இப்போது இரண்டாயிரங்களில் வந்த சட்டைப்பைக் கமராக்களுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. அதைப் பார்த்து இங்கேயும் சிலர் தேடுகிறார்கள். பற்றரி நின்றுபோன மொடல்கள், நீளும் லென்ஸின் பிளாஸ்ரிக் பல்லுத் தேய்ந்த மொடல்கள் அவற்றுள் நிறைய. பழகுவதற்கு அதில் காசு போடாதீர்கள்.

இனி மெகாபிக்சல். இதில்தான் விற்பவர்கள் நம்மை மடக்குகிறார்கள். ஏ4 தாளில், ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட வேண்டும் என்றால் 2480ஐ 3508ஆல் பெருக்குங்கள். 87 இலட்சம் வரும். அதாவது 9 மெகாபிக்சல்கூட முழுவதும் தேவையில்லை. 2008இல் வந்த நிக்கோன் டி90 ஒரு 12 மெகாபிக்சல் கமரா. கழற்றி மாற்றும் லென்ஸுள்ள இந்த வகைக் கமராக்களில் வீடியோ எடுத்த முதலாவது அதுதான். உதயன், வலம்புரி போன்ற நாளிதழ்களில் பாதிப் பக்கத்துக்குப் படம் போடவும் அது தாராளம். ஆகவே 12க்கு மேல் எந்த எண்ணைச் சொன்னாலும், அந்த எண்ணுக்கென்று ஒரு ரூபாவும் கூடக் கொடுக்காதீர்கள்.

காசைப் போட வேண்டிய இடம் லென்ஸ். கமராவோடு வரும் 18-55 லென்ஸை நீட்டினால் துளை எஃப் 5.6 ஆகிவிடும். கெனனுக்கு 50 மில்லிமீற்றர் எஃப் 1.8, நிக்கோனுக்கு 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 என்று இரண்டு சின்ன லென்ஸ்கள் இருக்கின்றன, மலிவானவை. 5.6ஐ 1.8ஆல் வகுத்து, வருவதை வர்க்கப்படுத்துங்கள். ஏறத்தாழப் பத்து. பத்து மடங்கு ஒளி! நல்லூர்த் திருவிழாவின் மாலையில், தெருவிளக்கின் வெளிச்சத்தில், தூக்குக்காவடிக்காரரின் முகத்தை எடுக்கப் 18-55 லென்ஸ்காரர் ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றிப் படத்தை மணல் மணலாக்கும்போது, நீங்கள் 640இல் நின்று எடுக்கலாம். (கோயிலுக்குள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. அதை மீறுவதற்கு எந்த லென்ஸும் சாட்டு ஆகாது.) இந்த லென்ஸ்கள் சூம் ஆகாது. கிட்டப் போக வேண்டும், தள்ளி வர வேண்டும். பழகுபவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

லென்ஸ் வாங்கும்போது பொருத்தம் பார்க்காவிட்டால் காசு கரியாகும். கெனனில் 1987 தொடக்கம் வந்த ஈஎஃப் லென்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் மோட்டர் உண்டு, நீங்கள் வாங்கக்கூடிய எந்தக் கெனன் டிஎஸ்எல்ஆரிலும் அது தானாகக் குவியும். ஈஎஃப்-எஸ் என்று எழுதிய லென்ஸ் மட்டும் 5டி போன்ற முழுச் சட்ட (புல் பிறேம்) கமராவில் பூட்டாது. நிக்கோனில் சிக்கல் கூட. 1959இல் இருந்து ஒரே பூட்டு என்பது பெருமையான விஷயம்தான், ஆனால் பூட்டுவது வேறு, குவிவது வேறு. டி3100, டி5100 குடும்பக் கமராக்களின் உடம்புக்குள் குவிக்கும் மோட்டர் இல்லை. ஆகவே ஏஎஃப்-டி என்ற பழைய லென்ஸைப் பூட்டினால் கையால்தான் குவிக்க வேண்டும். டி90, டி7000 இரண்டிலும் மோட்டர் உண்டு, அங்கே பிரச்சினை இல்லை. இதற்கு நேர்மாறான பொறி ஒன்றும் இருக்கிறது. 2016இல் ஏஎஃப்-பி என்று புது வகை லென்ஸ்கள் வரத் தொடங்கின. அவை டி3100, டி3200, டி5100, டி90 போன்ற பழைய கமராக்களில் தானாகவும் குவியாது, கையாலும் குவியாது. லண்டன் சித்தப்பா தன்னுடைய புதிய கமராவின் லென்ஸை அனுப்பி, இங்கே பெறாமகன் அதைப் பழைய டி3100இல் பூட்டிவிட்டு "கமரா பழுது" என்று கொண்டுவந்த சம்பவம் உண்டு. கமராவும் பழுதில்லை, லென்ஸும் பழுதில்லை. எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்: நிக்கோன் என்றால் ஏஎஃப்-எஸ்.

தொண்டைமானாறு, மண்டைதீவு, சுண்டிக்குளம் பக்கம் பூநாரை எடுக்க ஆசைப்படுபவர்கள் இங்கே இருப்பது எனக்குத் தெரியும். அதற்கு 300 மில்லிமீற்றராவது வேண்டும். முதல் வருடத்தில் அந்த ஆசையை ஒத்திவையுங்கள். மலிவு நீள லென்ஸும் மலிவுக் கமராவும் சேர்ந்தால் பறவை வெள்ளைப் பொட்டாகத்தான் வரும், மனம் விட்டுப்போகும்.

அப்படியானால் எதை வாங்குவது என்று கேட்பீர்கள். 2018இல் நிக்கோனும் கெனனும் கண்ணாடியில்லா (மிறர்லெஸ்) முழுச் சட்டக் கமராக்களுக்கு மாறிய பிறகு பழைய டிஎஸ்எல்ஆர்களின் விலை உலகெங்கும் இறங்கியது, அது நமக்கு வாய்ப்பு. வாங்க வேண்டிய சாமான் இதுதான்: கெனன் 600டி, 700டி, 1200டி, அல்லது நிக்கோன் டி3200, டி5200, டி7000. இவற்றில் எது நல்ல பூர்வீகத்தோடு கிடைக்கிறதோ அது. வீடியோவும் முக்கியம் என்றால், கெனன் 70டி அல்லது 200டி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், வீடியோவில் அவை முகத்தை விடாமல் பின்தொடரும். கண்ணாடியில்லாததில் சோனி ஏ6000 நல்லது, 2014இல் வந்தது. ஆனால் அதன் லென்ஸ்கள் விலை கூட. கையில் இருக்கும் காசில் மூன்றில் ஒரு பங்கை லென்ஸுக்கும் ஈரம் புகாத பெட்டிக்கும் மிச்சம் பிடித்துவிட்டு மீதியைத்தான் கமராவுக்குக் கொடுக்க வேண்டும். முழுச் சட்டக் கமரா வேண்டும் என்று கடன் எடுக்கும் பிள்ளைகளை அவர்களின் தாய்தகப்பன் தடுக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் பிள்ளைகளையும் சாப்பாட்டையும் எடுத்து முகநூலில் போடுவதோடு சரி என்பவர்கள் கமராவே வாங்க வேண்டாம், கையிலிருக்கும் போன் போதும்.

வாங்கிய பிறகு எங்கே வைப்பது? பையில் வைக்காதீர்கள், தோல் உறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள், அவை ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். அரிசி வாளிக்குள் புதைப்பவர்களும் இருக்கிறார்கள், அரிசித் தூசி லென்ஸுக்குள் போவதுதான் மிச்சம். ரப்பர் ஓரமுள்ள, இறுக மூடும் பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று எடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பைகள், கூடவே ஈரப்பதன் காட்டும் சின்னக் கருவி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே மிகவும் காய்ந்தாலும் லென்ஸுக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசைக்குக் கூடாது. நிறம் மாறும் ஜெல் என்றால் மாறியதும் மெல்லிய சூட்டில் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். இரண்டு கிழமைக்கு ஒரு தடவையாவது கமராவை வெளியே எடுத்து வெளிச்சத்தில் படம் எடுங்கள். பூஞ்சணத்துக்கு இருட்டும் அசையாத காற்றும்தான் பிடிக்கும்.

இன்னுமொன்று. பாவித்த கமராவோடு சில வேளை பழைய மெமரி காட்டும் வரும். அதற்குள் யாரோ ஒருவரின் வீட்டுப் படங்கள் இருக்கும். பார்க்காமல் காட்டை போமற் செய்யுங்கள். உங்கள் கமராவை விற்கும்போதும் அதையே செய்யுங்கள்.

முதல் வேலையாக எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. 1995 ஒக்ரோபர் கடைசியில், போர் துரத்த, வலிகாமத்தை விட்டு இரவோடு இரவாகப் போனவர்கள் எல்லோரும் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. திரும்பி வந்தபோது எத்தனையோ வீடுகளில் ஒரு படமும் மிஞ்சவில்லை. மிஞ்சிய படங்கள் ஒருவரின் வீட்டில் ஒன்று, இன்னொருவரின் வீட்டில் ஒன்று என்று சிதறிக் கிடக்கின்றன, அவற்றையும் இதே ஈரம் தின்றுகொண்டிருக்கிறது. 12 மெகாபிக்சல் கமராவும் 50 மில்லிமீற்றர் லென்ஸும் ஒரு முக்காலியும் இருந்தால் அவற்றைப் பிரதி எடுக்கலாம். படத்தை மேசையில் தட்டையாக வைத்து, கமராவை நேர் மேலே நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரியான இரண்டு விளக்கு வையுங்கள், பளபளப்பு விழாது. பிளாஷ் வேண்டாம். ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, கை படாமல் இரண்டு செக்கன் ரைமரில் எடுங்கள். படத்தின் பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் எடுங்கள், பெயரும் திகதியும் அங்கேதான் இருக்கும். வீட்டில் மூத்தவர்களைப் பக்கத்தில் இருத்தி, படத்தில் இருப்பது யார் என்று கேட்டு எழுதிவையுங்கள். வீட்டார் சம்மதித்தால் ஒரு பிரதியை நூலக நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம். 2005 தொடக்கம் ஈழத்து ஏடுகளை எண்ணிமப்படுத்தி, படங்களையும் சேர்த்து வருபவர்கள் அவர்கள்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கப்போகும் உறவுகளிடம் ஒரு கேள்வி மட்டும்: உங்கள் அலுமாரியில் ஒரு கமரா சும்மா கிடக்கிறதா? அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கொண்டுவாருங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம். வாங்கிய சீட்டு இருந்தால் அதையும் பெட்டிக்குள் போடுங்கள். லென்ஸ் இருந்தால் கமராவை விட அதற்குத்தான் இங்கே தேவை கூட. பெட்டியின் மேல் ஒரு துண்டுக் கடதாசியில் எந்த வருடம் வாங்கியது, எவ்வளவு பாவித்தது என்று இரண்டு வரி எழுதிவிட்டால் வாங்கும் பிள்ளைக்கு நான் சொன்னவற்றில் பாதி மிச்சம்.

கமரா கொண்டுவந்தவர்கள் அவற்றை இந்த மேசைக்குக் கொண்டு வாருங்கள். ரோச் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.